நாலடி முன்னால், நாலடி பின்னால்

ஐந்தாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழ இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, போகப் போக மேல ஏறிடும். அதுவரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுக்கணும். வேலைக்குப் போகக் கூடாது. மாடிப்படி ஏறி எறங்கறத குறைக்கணும். பைக் பின்னால உக்காந்து போகவே கூடாது."

"நான் பைக்ல போறதில்ல மேடம். கார்லதான் போவேன்."

"யார் ஓட்டறாங்க?"

"நான்தான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் காரும் உங்ககூட சேர்ந்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

ஐப்பசிக் கடைசி அது. ஆட்டோவில் மெதுவாக வீட்டுக்குத் திரும்பும்போது, வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டதுபோக மீதியிருந்த கவலையெல்லாம் எனக்குக் காரைப் பற்றித்தான். இதை வெளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா என்னைக் கிழித்திருப்பாள்.

எங்கள் வீடு ஓசூரில், பாகலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, முதல் மாடி. கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரம்மா. வீட்டில் தெலுங்கும், கடையில் தமிழும், பால்காரரிடம் கன்னடமும் பேசுகிறவர். கேட்டுக்குள் இரண்டு மொபெட்டை நிறுத்திவிட்டால் அதற்குமேல் ஆள் நடக்கவே இடமிருக்காது. ஷெட் என்ற பேச்சுக்கே வழியில்லை. அதனால் என் கார் பக்கத்துக் காலி மனையில் நிற்கும். மனைக்காரர் பெங்களூரில் இருந்தார். "வண்டி நிறுத்திக்கோங்க, யாரையும் குப்பை மட்டும் போட விடாதீங்க" என்று போனில் கன்னடத்தில் சொல்லியிருந்தார். எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே கார் தெரியும்.

சின்னக் கார்தான். நீல நிறம். எங்கள் கம்பெனியில் வேலைபார்த்த இன்ஜினியர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது அவரிடமிருந்து வாங்கியது. நான் வேலை செய்தது கார்களுக்கு வயர்க்கட்டுத் தயாரிக்கும் தொழிற்சாலை. முப்பது பெண்கள் நிற்கும் ஒரு லைனுக்கு நான் லீடர். எந்தக் காருக்குள் போய் உட்காரப் போகிறது என்று தெரியாமலே ஒன்பது வருஷம் வயர் கட்டியவள். அதனால் எனக்கென்று ஒரு கார் வந்தபோது முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்து வயர்களைத்தான் பார்த்தேன். அம்மா சாமி படம் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

தினமும் ஓடுகிற வரைக்கும் கார் வெளியில் நிற்பது ஒரு பிரச்சினையே இல்லை. நாலு மாதம் ஓடாமல் நிற்பது வேறு. அதுவும் ஓசூர்க் குளிரில். கார்த்திகையில் மழை ஈரம் தரையிலிருந்து ஏறும். மார்கழியில் மேலிருந்து பனி கொட்டும். விடியற்காலையில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியாது. ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி பஸ்கள் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். அந்த ஈரத்தில் நிற்கிற வண்டிக்குக் கதவின் கீழ் விளிம்பில் துரு பிடிக்கும், பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கமாக அழுந்தும்.

இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேறொரு கம்பெனியில் சிஎன்சி மிஷின் ஓட்டுகிறவர். தலைமுடியில் பாதி கனத்துக்கு இரும்பைச் சீவச் சொன்னால் சீவிக் கொடுப்பார். ஆனால் கார் என்றால் நடுங்குவார். கல்யாணத்துக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், மூன்றாம் நாள் வகுப்பில் ஓர் இளநீர் வண்டிமேல் ஏற்றிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த இளநீர்க் காய்கள் ரோட்டில் உருண்டோடிய காட்சி அவரை விட்டுப் போகவில்லை. அதோடு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து டோல்கேட் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே அவர் வேலை.

அந்த மனுஷன்தான் இப்போது என் காருக்குப் பொறுப்பு.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கி அம்மா என்னை உட்காரவைத்தாள். கீழே என் கணவர், தெருமுனையில் பேட்டரி, பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய், பார்த்துக்கொண்டு நிற்க வீட்டுக்காரம்மா. பாய் எனக்கு அண்ணன் மாதிரி. காரை வாங்கிய அன்றே டயரைத் தட்டிப் பார்த்து, "நல்ல வண்டிம்மா, தைரியமா ஓட்டு" என்றவர்.

கிரானைட் கடையில் கழித்துப் போட்ட நாலு பலகைக் கற்களை மொபெட்டில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் கணவர் மண்ணில் பதித்திருந்தார். ஈரத்தில் டயர் நிற்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். பாய் காரை மெதுவாக அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தினார்.

"பாய், ஹேண்ட் பிரேக் போட்டுடாதீங்க. ஈரத்துல புடிச்சிக்கும்."

"தெரியும் தங்கச்சி. கியர்ல விட்டுட்டு முன்னாலயும் பின்னாலயும் கல்லு வெச்சிடறேன். வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் முன்ன பின்ன நகத்தினா போதும். எனக்கு ஞாயித்துக்கெழமைதான் கடையில கூட்டம். இனிமே மாப்ளதான் பாத்துக்கணும்."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் கணவரை. என் கணவர் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு. பாய் இல்லை. என் கணவர் எனக்குப் போன் செய்து, அதை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து பார்க்க, மாட்டின் கொம்பைப் பிடித்திருப்பதுபோல இருந்தது.

"சீட் பெல்ட் எதுக்குங்க? நாலடிதான் நகத்தப் போறீங்க."

"இருக்கட்டும்."

"சரி. கியர்ல இருக்கு. கிளட்ச்ச முழுசா அமுக்கிட்டு நியூட்ரலுக்குக் கொண்டாங்க. அப்பறம் சாவியத் திருப்புங்க."

அவர் கடைசி வார்த்தையை மட்டும் கேட்டிருக்கிறார். சாவியைத் திருப்பினார். கார் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் எடுக்காமல் விட்டிருந்த கல்லில் முட்டி நின்றது. பதற்றத்தில் அவர் எதையோ பிடித்து இழுக்க, வைப்பர் இரண்டும் வெயிலில் சடக் சடக்கென்று ஆடத் தொடங்கின. முழங்கை பட்டு ஹாரன் அலறியது. வீட்டுக்காரம்மா உலர்த்திக்கொண்டிருந்த துணியோடு உள்ளே ஓடினார். என் கணவர் பெல்ட்டைக் கழற்ற மறந்து இறங்கப் பார்த்து, பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாகத் தொங்கினார்.

நான் சிரித்தேன். ஒரு வாரமாகப் படுக்கையில் கிடந்த என் உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தேன்.

"ஏண்டி, வயித்துப் புள்ளைய வெச்சுக்கினு இப்பிடியா சிரிப்பாங்க? டாக்டரு என்னா சொல்லி அனுப்பிச்சாங்க?" என்று திட்ட வந்த அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்களோடு சேர்ந்து அவள் சிரிப்பதும் கேட்டது.

அன்று கார் நகரவில்லை. அடுத்த வாரம் நாலடி முன்னால் போய் நாலடி பின்னால் வந்தது. அவர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெங்களூருக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி.

உறை விஷயத்தில் நான்தான் தப்புச் செய்தேன். ஆன்லைனில் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கிப் போடச் சொன்னேன். பனி உள்ளே வராது என்று நினைத்தேன். மார்கழி பிறந்து நாலைந்து நாளில் அவர் உறையைத் தூக்கியபோது கார் குளித்து எழுந்ததுபோல நின்றது. வெளிப்பனி வரவில்லை. உள்ளேயே வேர்த்திருந்தது. கண்ணாடி ஓரத்து ரப்பரில் பச்சையாகப் பாசி.

"அதுக்கு மூச்சு முட்டுதும்மா" என்றார் வீட்டுக்காரம்மா கீழேயிருந்து. "காட்டன் போடணும். நம்ம ஒடம்பு மாதிரிதான் அதுவும்."

அவர் சொன்னது சரி. அன்று சாயந்திரமே அவர் தன் பழைய நூல் புடவைகளில் மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னுடையது இரண்டு, அம்மாவுடையது இரண்டு. பாயின் மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தார். மொபெட் பின்னால் உட்கார்ந்து வந்து, காரை அளவெடுத்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து, "இவ்ளோ பெரிய ஆளுக்கு நான் தெச்சதில்லக்கா" என்று மேலே பார்த்துச் சொன்னார். இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கும் ரவிக்கைபோலச் சின்னதாகக் கை வைத்துத் தைத்தார்.

உள்ளே புடவை, வெளியே பிளாஸ்டிக், இரண்டு முனையிலும் காற்றுப் போக வழி. காலை பத்து மணிக்கு வெயில் வந்ததும் அம்மா போய்ப் பிளாஸ்டிக்கை உருவிவிடுவாள். பிறகு சாயந்திரம் வரைக்கும் என் கார் பூப்போட்ட புடவை கட்டிக்கொண்டு வெயில் காயும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'கார் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். என்னையா காரையா என்று எனக்குத் தெரியவில்லை.

மார்கழி பாதியில் ஒரு ஞாயிறு. அவர் ஸ்டார்ட் பண்ணினார். இப்போதெல்லாம் கிளட்ச் மறப்பதில்லை. ஆனால் சத்தம் கேட்டதும் நான் படுக்கையில் நிமிர்ந்தேன். ஒரு கால் குட்டையான மேசை மாதிரி இன்ஜின் ஆடியது.

"நிறுத்துங்க. நொண்டுது."

"நல்லாதானே ஓடுது?"

"நிறுத்துங்க, சொல்றேன். பானெட்டத் தெறங்க. வீடியோ கால் போடுங்க."

போன் திரையில் என் இன்ஜின் தெரிந்தது. ஒரு மூலையில் வைக்கோலும் கடலைத் தோலும் கொஞ்சம். எலி. இன்ஜின் சூட்டுக்கு வந்து குளிர் காய்ந்திருக்கிறது. என் கணவர் போனை மெதுவாக நகர்த்த, வயர்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஒன்றரை மாதமாக நான் எழுந்து தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஆள் வந்து நின்றார்கள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் எதற்கும் உதவாதவள் ஆகிவிட்டேன் என்ற ஒரு நினைப்பு சாயந்திர வேளைகளில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அந்தத் திரையில் வயர்களைப் பார்த்ததும் என் கைகள் தானாகவே போர்வைமேல் அசைந்தன.

"இன்னும் கொஞ்சம் உள்ள. லெப்ட்ல. நில்லுங்க. பச்சை வயர், கறுப்புக் கோடு போட்டது. தெரியுதா?"

"பாதி தெரியுது. மீதிய தின்னுடுச்சி."

"அதான். பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டர் ஒண்ணுக்குப் போற வயர் அது. பாயக் கூப்பிடுங்க. சால்டரிங், ஒட்டுன எடத்த மூடற ஸ்லீவ் ரெண்டும் கொண்டாரச் சொல்லுங்க. மொதல்ல பேட்டரி நெகட்டிவக் கழட்டுங்க."

பாய் கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். பாய் போனைப் பிடிக்க, என் கணவர் வயரைச் சீவினார். அவர் கை எப்படிப்பட்டது என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு கம்பி அறுபடவில்லை. முறுக்கி, ஈயம் வைக்கப் போகும் நேரத்தில் நான் கத்தினேன்:

"ஸ்லீவ மொதல்லயே வயர்ல கோத்துட்டீங்களா?"

கீழே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாயின் உள்ளங்கையில் அந்தச் சின்னக் கறுப்புக் குழாய் அப்படியே இருந்தது.

"என் லைன்ல புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாரும் மொத நாள் இதத்தான் மறப்பாங்க" என்றேன்.

"நாங்களும் சேந்துக்கறோம் மேடம்" என்றார் பாய்.

முறுக்கியதைப் பிரித்து, ஸ்லீவைக் கோத்து, மறுபடி முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவைச் சூடுபடுத்திச் சுருக்கி, டேப் சுற்றினார்கள். நெகட்டிவை மாட்டி, சாவியைத் திருப்பினார் என் கணவர். இன்ஜின் சீராக ஓடியது. பாய் மேலே பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, "கை வெச்சுப் பாரு, சத்தம் கேட்டு உதைக்குது" என்றேன். அம்மா கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் மெக்கானிக்கா?" என்றாள்.

அதற்குப் பிறகு பாய் சொன்னபடி இன்ஜின் ஓரத்தில் புகையிலை முடிச்சுகள் வைத்தோம். பகலில் பானெட்டைத் தூக்கி நிறுத்தி வெளிச்சம் படவிட்டோம். எலி வேறு வீடு பார்த்துக்கொண்டது.

தை பிறந்தது. பொங்கலன்று வீட்டுக்காரம்மா காருக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். அந்த ஞாயிறு என் கணவர் வழக்கம்போல முன்னால் போனார். பின்னால் வருவதற்கு முன், தலையைத் திருப்பாமல், முதலில் நடுக்கண்ணாடியைப் பார்த்தார், பிறகு இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தார், அப்புறம்தான் ரிவர்ஸ் போட்டார். அதற்கு அடுத்த மனையும் காலிதான். அதில் இறக்கி, ஒரு வட்டம் அடித்து, கற்களின்மேல் நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கண்ணாடி பார்க்க நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மாதமாக, இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று பனியில் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து வருகிறார். வரும்போது மூக்கு நுனி சிவந்திருக்கும், பால் பாக்கெட் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து பால் பூத் மூன்று நிமிஷ நடை. சாலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வகுப்பு எடுக்கும் நேரம் அது.

கேட்கவில்லை. அவர் அதை எனக்காக ஒளித்து வைத்திருந்தார். கேட்டால் உடைந்துவிடும். "பால் பூத்துல ரொம்பக் கூட்டமோ?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டேன். "ஆமாமா, பயங்கரக் கூட்டம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிறு, "நானும் ஒக்காந்துக்கறேம்பா" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு வட்டம் வந்தார். இறங்கி ஜன்னலைப் பார்த்து, "பாகுந்தி அம்மா, நல்லா இருக்கு! உன்னவிட ஸ்மூத்தா போறாரு!" என்றார். அடுத்து அம்மா ஏறினாள். கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே ஒரு வட்டம் வந்து, இறங்கியதும், "பயமே இல்ல" என்றாள்.

தைக் கடைசி ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே ஏறியிருந்தது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார். நான் முதலில் நடந்துபோனது காருக்குத்தான். புடவையைத் தூக்கி, கதவின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். துரு இல்லை. டயர் வட்டமாக இருந்தது. மூன்று மாதப் பனியில் வெளியில் நின்ற வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"எப்பிடி?" என்றார் என் கணவர் பின்னாலிருந்து.

"நான் வெச்சிருந்தத விட நல்லா வெச்சிருக்கீங்க."

அவர் காரின் புடவை மடிப்பைச் சரிசெய்தார்.

மாசிக் கடைசியில் மகள் பிறந்தாள். வலி வந்தபோது ஆட்டோவில்தான் போனோம். சுகப்பிரசவம். நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அம்மா குழந்தையைச் சுற்றிக்கொண்டு, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஆஸ்பத்திரிப் படிக்குக் கீழே என் நீலக் கார். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து என் கணவர் இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில் திருடனைப் போல முழித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஆச்சரியமா இல்லையா?" என்றார், என் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோய்.

"பொங்கல்லேருந்து தெரியும்."

"பொங்கல்லேருந்தா? அப்ப அந்தப் பால் பூத்து..."

"பயங்கரக் கூட்டம்" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "எனக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா" என்று அவசரமாகக் குழந்தையோடு ஏறிக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

என் சொந்தக் காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. முன்சீட்டின் பின்பக்கம் ஒரு பை இருப்பதே எனக்குத் தெரியாது. மெதுவாகப் போனோம். எங்களை மொபெட்டுகள் முந்தின, ஒரு மாட்டு வண்டி முந்துமோ என்றுகூட நினைத்தேன். கம்பெனி பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. என் கணவர் அசரவில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, உள்ளிருந்தே கையை அசைத்து, நீ போப்பா என்று காட்டினார். வேகத்தடை வரும்போதெல்லாம் "ஏறப் போறேன்" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டு ஏறினார். மகள் ஒன்றுக்குக்கூட விழிக்கவில்லை.

பெரிய சிக்னலில் வண்டி அணைந்துவிட்டது. பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். நான் வாயைத் திறந்தேன், கிளட்ச் என்று சொல்ல. அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கிளட்சை அமுக்கி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பி, முதல் கியர் போட்டு, நிதானமாகக் கிளம்பினார். சிக்னலைத் தாண்டிய பிறகுதான், அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் விட்டோம். குழந்தை தூக்கத்தில் உதட்டைக் குவித்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "அடுத்த வாரம் வேப்பனப்பள்ளிப் பக்கம் போலாமா? மாமரமெல்லாம் பூத்திருக்குதாம்" என்றார்.

"புள்ள பெத்து நாலு நாளுதான் ஆச்சு" என்றாள் அம்மா.

"சரி, அதுக்கு அடுத்த வாரம்" என்றார் அவர்.